துப்பாக்கி சுடுதல் எப்படி விளையாட்டாகும்?

போரைப் பார்த்து வளர்ந்த வன்னி ஆட்களுக்குத் துப்பாக்கி சுடுதல் விளையாட்டாகத் தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போன வருடம் காலமான என் கூட்டாளியை நினைத்துத்தான் பதில் எழுதுகிறேன்.

வன்னியின் முள்ளியவளையில் இருவரும் ஒரே வாங்கில் படித்தோம். கனடா போனவன், அங்கே நாலைந்து பேரோடு ஏர் ரைஃபிள் சங்கம் ஒன்றைத் தொடங்கினான். கேட்டதும் எனக்குக் கோபம். "பங்கருக்குள்ள கிடந்ததெல்லாம் மறந்துபோச்சா?" என்று ஏசினேன்.

அடுத்த முறை ஊருக்கு வந்தபோது, தான் சுட்ட ஓர் இலக்கு அட்டையைக் கையில் தந்தான். நடுப்புள்ளியின் விட்டம் 0.5 மில்லிமீட்டர், பேனா முனையை வைத்து எடுத்தது போல. அதை 10 மீட்டர் தள்ளி நின்று 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டால் சுட வேண்டும். வெடிமருந்து கிடையாது, அழுத்திய காற்றுதான் குண்டைத் தள்ளும். போட்டியில் 75 நிமிடத்துக்குள் 60 சூடு, ஒவ்வொன்றுக்கும் கூடியது 10.9 புள்ளி. மூச்சை அடக்கி, உடம்பு ஆடாமல் விசையை மெல்ல அழுத்த வேண்டும். 1896இல் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே துப்பாக்கி சுடுதல் இருந்ததாம்.

சரி, என் மனதை மாற்றியது இதெல்லாம் இல்லை. சங்கத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு அவன் முதலில் பழக்கியது சுடுவதை அல்ல; சுடாத நேரத்தில், உள்ளே குண்டு இல்லை என்று எல்லாருக்கும் தெரிய, குழலுக்குள் செம்மஞ்சள் பாதுகாப்புக் கயிற்றைப் போட்டு வைப்பதை. அதைச் சொல்லும்போது அவன் குரல் தழுதழுத்தது.

அவனுடைய ஆட்டைத்திவசத்தன்று, அதாவது முதலாண்டு நினைவு நாளன்று, அந்த அட்டையை அவன் படத்தருகே வைத்தேன். அவனுடைய அம்மா அந்தச் சின்ன ஓட்டையை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.