டிராக்டருக்குக் கெட்டியான என்ஜின் ஆயில்தான் நல்லதா?

கேள்வி: என்னிடம் 45 எச்.பி. டீசல் டிராக்டர் இருக்கிறது. கையேட்டில் 15டபிள்யூ-40 ஆயில் என்று போட்டிருக்கிறது. கடைக்காரர், "நம்ம வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும், 20டபிள்யூ-50 போடுங்க" என்கிறார். போன முறை மாற்றிய ஆயில் சில நாளிலேயே கறுத்துவிட்டது. மட்டமான ஆயிலோ என்று சந்தேகம். சம்பா உழவுக்கு முன் என்ன செய்யலாம்?
– ஒரு விவசாயி, மன்னார்குடி வட்டம்

பதில்: கையேடு சொல்லும் 15டபிள்யூ-40 ஆயிலையே ஊற்றுங்கள் ஐயா.

முன்னால் உள்ள 15, 20 எல்லாம் கடுங்குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கான எண்கள். அந்த வித்தியாசம் தெரிய பூஜ்யத்துக்கும் கீழே பத்துப் பதினைந்து டிகிரி போக வேண்டும். நம் மார்கழிப் பனிக்கு இரண்டும் ஒன்றுதான். பின்னால் உள்ள எண்தான் முக்கியம். அது 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஆயிலின் கெட்டித்தன்மையைக் காட்டுவது. வெளியே 40 டிகிரி வெயில் அடித்தாலும், ரேடியேட்டரும் தெர்மோஸ்டாட்டும் சரியாக இருந்தால் என்ஜின் தன் அளவான சூட்டில்தான் ஓடும். அந்தச் சூட்டில் பேரிங் இடைவெளிக்குள் எந்த ஆயில் புக வேண்டும் என்று பார்த்துத்தான் கம்பெனி 40 போட்டிருக்கிறது. 50 ஊற்றினால் என்ஜின் உடனே கெட்டுவிடாது. ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே வால்வுப் பக்கம் ஆயில் ஏறத் தாமதமாகும், டீசலும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும்.

கறுத்ததற்குக் கவலைப்படாதீர்கள். டீசல் எரியும்போது வரும் கரியை பிஸ்டனிலும் ரிங்கிலும் படியவிடாமல் ஆயில் தனக்குள் மிதக்கவிட்டு வைத்துக்கொள்கிறது. உராய்வைக் குறைப்பது போலவே இதுவும் அதன் வேலை. பிஸ்டன் சூட்டை இறக்குவதும், துரு பிடிக்காமல் காப்பதும் அதே ஆயில்தான். அதனால் நிறத்தைப் பார்த்தோ, விரலில் தேய்த்துப் பார்த்தோ முடிவு செய்யாதீர்கள். மணி மீட்டரைப் பாருங்கள். பல டிராக்டர்களுக்கு 250 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். உங்கள் கையேட்டில் என்ன இருக்கிறதோ அதுவே கணக்கு. ஃபில்டரையும் கூடவே மாற்றிவிடுங்கள். பழைய ஃபில்டரில் தங்கிய அழுக்கு ஆயில் புது ஆயிலோடு கலந்துவிடும்.

கேனில் ஏபிஐ என்ற தரக் குறியீட்டில் சிஎச்-4, சிஐ-4 மாதிரி 'சி' வரிசை இருக்கிறதா பாருங்கள். 'எஸ்' வரிசை மட்டும் போட்டது பெட்ரோல் வண்டி ஆயில்; டீசல் கரியைச் சமாளிக்க அது போதாது. அப்புறம், கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் வேறு ஆயில். ஒரே கேனை எல்லாவற்றுக்கும் ஊற்றாதீர்கள்.

தொளி உழவு நாட்களில் தினமும் காலையில், ஸ்டார்ட் செய்யும் முன், சமதரையில் நிறுத்தி அளவுக் கம்பியைப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவே இருந்தால் சரி. மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினால் நுரை கட்டும். நீங்கள் ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால் டீசல் கலக்கிறது என்று சந்தேகப்படுங்கள். பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. இரண்டில் எது தெரிந்தாலும் அன்றைக்கு உழவு வேண்டாம், ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை வயலுக்கே கூப்பிடுங்கள்.