தீபாவளி எண்ணெய்க் குளியல் அம்மா சொன்ன நாளா, டில்லிக்காரர்கள் சொல்லும் நாளா?

அம்மா சொன்ன நாள் விடியற்காலையில்தான் குளிக்க வேண்டும். டில்லியில் உங்கள் அக்கம்பக்கத்தார் மறுநாள் என்பதும் தப்பில்லை. அவர்கள் சொல்வது லட்சுமி பூஜையை.

நமக்குத் தீபாவளி நரக சதுர்த்தசி. விடியும்போது சதுர்த்தசி (அமாவாசைக்கு முந்தின திதி) இருக்கிறதா என்றுதான் பார்ப்போம். வடக்கே சூரியன் மறையும் நேரத்தில் அமாவாசை வேண்டும். பல வருஷங்களில் இரண்டும் ஒரே நாளில் வந்துவிடும், அப்போது யாருக்கும் சந்தேகமே வராது. 2018-ல் வரவில்லை: தமிழ்நாட்டில் நவம்பர் 6, டில்லியில் 7.

பஞ்சாங்கத்தில் அமாவாசை எப்போது தொடங்குகிறது என்று பாருங்கள். பொழுது சாய்ந்த பிறகு, ராத்திரியில் தொடங்கினால் வடக்கே மறுநாள்தான்.

நல்லெண்ணெயில் நாலு மிளகு, ஒரு வெற்றிலை போட்டுக் காய்ச்சி ஆறவைத்துக்கொள்ளுங்கள். குளித்ததும் வெறும் வயிற்றில் லேகியம். அப்புறம்தான் பலகாரம் (பிள்ளைகள் கேட்கமாட்டார்கள், அது வேறு விஷயம்). மறுநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டோடு விளக்கும் ஏற்றுங்கள், தாராளமாக.

ஒன்று மட்டும்: இந்தக் கணக்கு இந்தியாவுக்குள்தான். அமெரிக்காவில் இருக்கும் உங்கள் தங்கை சென்னை காலண்டரைப் பார்க்க வேண்டாம், அவர் ஊர் நேரத்துக்குக் கணித்த பஞ்சாங்கம் வேண்டும்.