அந்த ரோடு யாருடையது?
ரோட்டைச் சரிசெய்யக் கிராமசபையில் தீர்மானம் போட்டும் ஊராட்சித் தலைவர் ‘அது எங்கள் ரோடு இல்லை’ என்கிறார் என்றால், அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி தேசிய, மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, ஊராட்சி ஒன்றியச் சாலை போக மிச்சமுள்ளவைதான் கிராம ஊராட்சியின் கையில். உங்கள் ரோடு பக்கத்து ஊருக்கும் போகிறதா? ஒன்றியச் சாலையாக இருக்கலாம்.

முதலில் ஓரத்து மைல்கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை மாநிலம், கறுப்பு மாவட்டம், ஆரஞ்சு பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம்.

கல்லே இல்லையா? சரி, ஒன்றிய அலுவலகத்தில் சாலைப் பதிவேட்டைக் கேளுங்கள். மழுப்பினால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் மனு.

சாலை கைமாறிய பிறகும் கல்லில் பழைய நிறம் அப்படியே நிற்பதுண்டு. அதனால் பதிவேட்டையே நம்புங்கள். அப்புறம், எந்த அலுவலகம் போனாலும் தீர்மான நகலை மனுவோடு இணையுங்கள்.