ஈடன்-மொனாரோவின் ராசி

கேள்வி: ஆஸ்திரேலியாவில் ஈடன்-மொனாரோ என்ற தொகுதியில் எந்தக் கட்சி வெல்கிறதோ அதுவே நாட்டை ஆளும் என்று படித்தேன். அந்தத் தொகுதிக்கு இப்படி ஒரு ராசி எப்படி வாய்த்தது?

பதில்: ராசி எதுவும் இல்லை. வரலாற்றின் ஒரு பகுதியை மட்டும் வைத்துக் கட்டப்பட்ட நம்பிக்கை அது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் உள்ள இத்தொகுதி 1901இல் நடந்த முதல் கூட்டாட்சித் தேர்தலிலிருந்தே இருந்துவருகிறது. 1926இல் இறக்கும்வரை ஆஸ்டின் சாப்மன் ஒருவரே அதன் உறுப்பினர். 1943இல் தொழிற்கட்சி சார்பில் வென்ற ஆலன் ஃப்ரேசரின் வரலாறு (பின்னாளில் பிரதமரான மால்கம் ஃப்ரேசர் வேறு) உங்கள் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறது. 1949 முதல் 1963 வரை நடந்த ஏழு பொதுத்தேர்தல்களிலும் தொழிற்கட்சிக்கு எதிரான, ராபர்ட் மென்சீஸ் தலைமையிலான லிபரல் கூட்டணியே ஆட்சியைப் பிடித்தது. அந்த ஏழிலும் ஈடன்-மொனாரோ மக்கள் எதிர்க்கட்சிக்காரரான ஃப்ரேசரையே தேர்ந்தெடுத்தார்கள். 1966இல் தோற்ற அவர் 1969இல் மீண்டும் வென்றபோதும் ஆட்சி மாறவில்லை.

நீங்கள் படித்தது 1972க்குப் பிந்தைய கதை. அந்த ஆண்டிலிருந்து 2013 வரை தொடர்ந்து 17 பொதுத்தேர்தல்களில் இங்கே வென்ற கட்சியே ஆட்சியில் அமர்ந்தது உண்மைதான். ஆனால் அந்த வரிசை எவ்வளவு மெல்லிய இழையில் நின்றது என்பதையும் பார்க்க வேண்டும். 1998இல் நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் இரு பெரும் தரப்புகளில் தொழிற்கட்சிக்கே கூடுதல் வாக்குகள் கிடைத்தன. ஜான் ஹோவர்டின் கூட்டணி இடங்களின் கணக்கில்தான் ஆட்சியைத் தக்கவைத்தது. ஈடன்-மொனாரோவில் அக்கூட்டணியின் கேரி நேர்ன் தப்பிப் பிழைத்தது நூலிழையில். சில தெருக்காரர்கள் மாற்றி வாக்களித்திருந்தால் 'ராசி' அன்றே அறுந்திருக்கும்.

காரணம் தேடுவதானால் தொகுதிக்குள் வாழும் மனிதர்களிடம்தான் தேட வேண்டும். தலைநகர் கான்பெராவை ஒட்டியிருக்கும் குவீன்பியனில் அரசு ஊழியர்கள் மிகுதி; மொனாரோ மேட்டுநிலத்தில் ஆட்டுப்பண்ணைகள்; 1949இல் தொடங்கிய பனிமலை நீர்மின் திட்டத்துக்குத் தலைமையிடமான கூமாவில் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பங்கள்; பேகாவில் பால்பண்ணைகள்; ஈடனில் மீன்பிடித் துறைமுகம். இவர்களில் எந்தத் தரப்பும் தனித்து ஒருவரை வெற்றிபெறச் செய்ய முடியாது. அதனால்தான் நாட்டின் மனநிலை சற்றே மாறினாலும் இந்தத் தொகுதியின் முடிவு மாறியது.

எல்லைக்கோடு மாறினால் இந்தக் கலவையும் மாறும் என்பதை ஏனோ பலரும் கணக்கில் எடுப்பதில்லை. 2016 தேர்தலுக்கு முந்தைய மறுவரையறையில் கடற்கரையோர பேட்மன்ஸ் பே பகுதி விலகி, யாஸ், டூமட் போன்ற உள்நாட்டு ஊர்கள் சேர்ந்தன. அந்தத் தேர்தலில் தொழிற்கட்சியின் மைக் கெல்லி வென்றார்; ஆட்சியோ கூட்டணியிடமே இருந்தது. 2019இலும் அதே கதைதான்.

உடல்நலக் குறைவால் கெல்லி விலக, 2020 ஜூலை 4 அன்று இடைத்தேர்தல் நடந்தது. கொபார்கோ உள்ளிட்ட ஊர்களைக் காட்டுத்தீ எரித்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. முதல் விருப்ப வாக்குகளில் ஆளும் கூட்டணியின் லிபரல் வேட்பாளர் ஏறத்தாழ 38 விழுக்காட்டுடன் முன்னிலையில் இருந்தார். தொழிற்கட்சியின் கிறிஸ்டி மெக்பெயினுக்கு ஏறத்தாழ 36 விழுக்காடுதான். ஆஸ்திரேலியாவில் வாக்காளர் எல்லா வேட்பாளர்களையும் தம் விருப்ப வரிசைப்படி எண்ணிட வேண்டும் என்பதால், பின்தங்கியவர்களின் வாக்குகள் அடுத்த விருப்பத்துக்கு மாற்றி எண்ணப்பட்டன. பேகா பள்ளத்தாக்கின் மேயராக இருந்து அந்தக் காட்டுத்தீயை எதிர்கொண்ட மெக்பெயின், முடிவில் 735 வாக்குகள் வித்தியாசத்தில் வென்று எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்தார்.