கோள்களை எந்த மாதத்தில், வானத்தின் எந்தப் பக்கத்தில் தேடுவது?

இரவு வானில் கோள்களை எப்போது, எந்தத் திசையில் பார்க்கலாம், அதற்குத் தொலைநோக்கி வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகிய ஐந்தையும் வெறுங்கண்ணால், நகர வெளிச்சத்துக்கு நடுவிலிருந்துகூடப் பார்த்துவிடலாம். ஆனால் இன்றைக்கு எந்தக் கோள் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் தேடிப் படிப்பதைவிட, அவை நடமாடும் பாதையை ஒருமுறை கண்ணால் பழகிக்கொள்வதே சிறந்தது என்பது என் உறுதியான எண்ணம். முதல் இரண்டு ஆண்டுகள் நான் தேதிப் பட்டியலை மட்டுமே நம்பியிருந்தேன். பட்டியலில் இல்லாத ஒரு நாளில் அண்ணாந்து பார்த்தால் எனக்கு எதுவும் விளங்கியதில்லை.

கோள்கள் வானத்தின் எல்லா மூலைகளிலும் தோன்றுவதில்லை. அவை யாவும் பூமி சூரியனைச் சுற்றும் தளத்தை ஒட்டியே சுற்றுவதால், ஆண்டு முழுவதும் விண்மீன்களுக்கிடையே சூரியன் நகர்ந்து செல்வதாகத் தெரியும் அந்தப் பாதையிலிருந்து சில பாகை விலகலுக்குள்தான் காணப்படும். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் இருப்பவர்களுக்கு இந்தப் பாதை உச்சிக்கு அருகிலும், வடக்கே தள்ளி இருப்பவர்களுக்குத் தெற்கு வானிலும், தெற்கே தள்ளி இருப்பவர்களுக்கு வடக்கு வானிலும் வளைந்து செல்லும். சந்திரனும் இதிலிருந்து ஏறத்தாழ 5 பாகைக்கு மேல் விலகுவதில்லை. ஆகவே ஒரு மாதம் சந்திரன் கடக்கும் இடங்களைக் கவனித்து வந்தாலே பாதை பிடிபட்டுவிடும்.

அந்தப் பாதையில் பளிச்சென்று தெரிவதெல்லாம் கோள் என்று எண்ணிவிடவும் கூடாது. ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை என்னும் நான்கு ஒளிமிக்க விண்மீன்களும் அதன் ஓரத்தில்தான் இருக்கின்றன. கேட்டையின் செந்நிறத்தைக் கண்டு அதையே செவ்வாய் என்று நான் பல வாரங்கள் நம்பியிருந்தேன். பழங்காலக் கிரேக்கர்கள் அந்த விண்மீனுக்குச் செவ்வாயின் போட்டியாளன் என்று பொருள்படும் பெயரை இட்டிருந்தார்கள் என்று பின்னர் படித்தபோது, அந்தக் குழப்பம் எவ்வளவு பழையது என்று தெரிந்தது. விண்மீன் வெறும் புள்ளி என்பதால் காற்றின் அசைவில் மினுங்கும். கோளுக்குச் சிறிய வட்டப் பரப்பு இருப்பதால் அதன் ஒளி நிலையாக இருக்கும். இந்த வேறுபாடு வானத்தில் ஓரளவு உயர்ந்த பிறகே நம்பத்தக்கது. அடிவானத்தை ஒட்டிய தடித்த காற்றில் கோளும் மினுங்கும்.

இனி, எப்போது என்ற கேள்விக்கு வருகிறேன். புதனும் வெள்ளியும் பூமியின் சுற்றுப்பாதைக்கு உள்ளே சுற்றுபவை. எனவே அவை சூரியனைவிட்டு வெகுதொலைவு விலகுவதாகத் தெரியாது. வெள்ளி அதிகபட்சம் 47 பாகை வரை விலகும். அதனால் சூரியன் மறைந்த பின் மேற்கிலோ, விடிவதற்கு முன் கிழக்கிலோ சுமார் மூன்று மணி நேரம் வரை அதைப் பார்க்கலாம். ஏறக்குறைய எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெள்ளி அதே தேதியை ஒட்டி அதே இடத்துக்குத் திரும்பிவருவது எனக்கு மிகவும் பிடித்த ஒழுங்கு: 2018 அக்டோபர் 26 அன்று பூமிக்கும் சூரியனுக்கும் இடையே வந்த அது, 2026இல் அக்டோபர் 24 அன்று அங்கே வருகிறது, அதற்கு முன்பு அந்தி வானிலும், அதன் பின் சில நாட்களில் விடியல் வானிலும் தெரியும்.

புதன்தான் கடினமானது. அது சூரியனிலிருந்து 18 முதல் 28 பாகை வரைதான் விலகும். கையை முழுவதும் நீட்டிப் பிடித்த முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை என்று கொண்டால், இரண்டு மூன்று முட்டிகளுக்குள் அது அடங்கிவிடும். ஆண்டுக்கு ஆறேழு முறை வாய்ப்பு வரும். ஒவ்வொன்றும் ஓரிரு வாரங்களே நீடிக்கும். அவற்றுள்ளும் நீங்கள் இருக்கும் அரைக்கோளத்தின் வசந்தகால அந்தியும் இலையுதிர்கால விடியலும் மற்றவற்றைவிட நல்லவை, ஏனெனில் அப்போது சூரியப் பாதை அடிவானத்திலிருந்து செங்குத்தாக எழுகிறது. அதைத் தேடப் பைனாகுலரைப் பயன்படுத்துவதாக இருந்தால், சூரியன் முழுவதுமாக மறைந்த பிறகே கையில் எடுங்கள். தற்செயலாகச் சூரியன் ஒரு கணம் அதற்குள் பட்டாலும் பார்வை போய்விடக்கூடும்.

செவ்வாய், வியாழன், சனி ஆகியவற்றின் கணக்கு வேறு. சூரியனுக்கும் கோளுக்கும் நடுவே பூமி வரும் நாளை எதிர்நிலை என்பார்கள். அன்று கோள் சூரியன் மறையும்போது உதித்து, நள்ளிரவில் உச்சத்தை அடைந்து, விடியும்போது மறையும், பூமிக்கு மிக அருகிலும் இருக்கும். சனிக்கு இது ஏறக்குறைய 378 நாட்களுக்கு ஒருமுறையும், வியாழனுக்கு 399 நாட்களுக்கு ஒருமுறையும், செவ்வாய்க்குச் சுமார் 780 நாட்களுக்கு ஒருமுறையும் நிகழ்கிறது. எதிர்நிலை நாள் ஒன்றுதான் பார்க்கத் தகுந்த நாள் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் வியாழனையும் சனியையும் அதற்குப் பிந்தைய மூன்று மாதங்களில் பார்ப்பதே வசதியானது. விண்மீன்கள் மாதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக உதிப்பதைப் போல இவையும் முன்னேறுவதால், நள்ளிரவில் உச்சியில் இருந்த கோள் படிப்படியாக முன்மாலையில் உச்சிக்கு வந்துவிடும். செவ்வாய்க்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. எதிர்நிலை கழிந்து சில வாரங்களிலேயே அதன் ஒளி வேகமாகக் குன்றிவிடும். ஒவ்வொரு எதிர்நிலையும் ஒன்றுபோல் இருப்பதும் இல்லை: 2003 ஆகஸ்டில் ஏறத்தாழ 5.6 கோடி கிலோமீட்டர் தொலைவுக்கு வந்த செவ்வாய், 2027 பிப்ரவரியில் சுமார் 10 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலேயே இருக்கும்.

தொலைநோக்கியைப் பொறுத்தவரை, வியாழனின் நான்கு பெரிய நிலவுகளைக் காண அசையாமல் பிடித்த ஒரு சாதாரணப் பைனாகுலரே போதும். 1610 ஜனவரியில் கலிலியோ கண்டவை அவைதான். ஒரே இரவில் சில மணி நேர இடைவெளியில் பார்த்தாலே அவை இடம் மாறியிருப்பது தெரியும். சனியின் வளையத்துக்குச் சிறிய தொலைநோக்கி தேவை. 2025 மார்ச்சில் அந்த வளையத்தின் விளிம்பு மட்டுமே பூமியை நோக்கியிருந்தது; இனி அது ஆண்டுக்கு ஆண்டு விரிந்து, 2032 வாக்கில் முழு அழகுடன் தெரியும். யுரேனசையும் நெப்டியூனையும் தொடக்கத்தில் விட்டுவிடலாம்.

ஸ்டெல்லேரியம் என்னும் இலவச மென்பொருளில் உங்கள் இருப்பிடத்தையும் தேதியையும் கொடுத்தால் அன்றைய வானம் திரையில் வந்துவிடும். ஆனால் முதலில் வெளியே சென்று நீங்களாக ஊகித்துவிட்டு, பிறகு அதில் சரிபாருங்கள். சனியின் எதிர்நிலை 2026 அக்டோபர் தொடக்கத்தில் வருகிறது. 2027 பிப்ரவரியில் வியாழனும் செவ்வாயும் சில நாள் இடைவெளியில் எதிர்நிலைக்கு வருகின்றன. இரண்டும் மகம் விண்மீனின் சுற்றுப்புறத்திலேயே இருக்கும் என்பதால், வெண்ணிற வியாழனையும் செந்நிறச் செவ்வாயையும் மினுங்கும் மகத்தையும் ஒரே பார்வையில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.