"நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்கும் ஊர்

கேள்வி: வெளிநாட்டில் ஒரு சின்ன ஊரில் வாழ்ந்த அனுபவம் உண்டா? அங்கே உங்களால் மறக்க முடியாத ஆட்கள் யார்?

உண்டு. அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், கெர்ரி கவுண்டியில், டிங்கிள் என்று ஒரு துறைமுக ஊர். 2013 நவம்பரில் போய் 2021 வரை அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருந்தேன். டப்ளினில் ரயில் ஏறினால் ட்ரலீ என்ற ஊர் வர நாலு மணி நேரம், அங்கிருந்து பஸ்ஸில் இன்னும் ஐம்பது கிலோமீட்டர். நான் போய் இறங்கியபோது சாயந்தரம்தான், ஆனால் கும்மிருட்டு. மழை மேலிருந்து வராமல் பக்கவாட்டில் வந்தது. திரும்பி அடுத்த பஸ் எப்போது என்றுதான் முதலில் பார்த்தேன். அன்றைக்கு இல்லை, அதனால் தங்கினேன்.

ஊரில் மொத்தமே இரண்டாயிரம் பேர் இருப்பார்கள். கோடையில் சுற்றுலாக்காரர்கள் வந்து நடக்க இடமில்லாமல் ஆகிவிடும், அது வேறு கதை. குளிர்காலத்தில் இருப்பவர்கள்தான் ஊர்க்காரர்கள்.

இல்லத்தில் முதல் வாரமே ஒரு தாத்தா என்னைப் பார்த்து "கே லெஷ் ஹூ?" என்றார். ஐரிஷ் மொழி. அந்தத் தீபகற்பத்தின் மேற்குப் பக்கத்தில் இன்னும் வீட்டில் ஐரிஷ்தான் பேசுகிறார்கள், வயசாகி ஞாபகம் போகும்போது பலருக்கு முதலில் போவது ஆங்கிலம். என்ன கேட்கிறார் என்று கூட வேலை பார்த்த பெண்ணிடம் கேட்டேன். "நீ யாரோட ஆளுன்னு கேக்கறார். சின்னப் பிள்ளைங்களைப் பார்த்தா இங்க எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் குளச்சல்காரி. தெருவில் விளையாடும்போது "ஏ பிள்ள, நீ ஆருக்க மொவ?" என்று கேட்காத கிழவி உண்டா எங்கள் ஊரில்!

தாத்தா பழைய மீனவர். தினமும் காலையில் அதே கேள்வி, ஏனென்றால் முந்தின நாள் பதில் அவருக்கு நினைவிருக்காது. நானும் தினமும் "மீன்காரர் மகள்" என்று சொல்வேன். உடனே முகம் மாறும். என்ன மீன், எத்தனை ஆள், பாயா மோட்டாரா என்று வரிசையாகக் கேட்பார். அயிலை என்று சொல்லிப் போனில் படம் காட்டினால், "இது மாக்கரல்தானே, என்னை ஏமாத்தறியா?" என்பார். வேறு இனம்தான், ஆனால் இரண்டுக்கும் முதுகில் கோடுகள், அதே பளபளப்பு, அவரைக் குறை சொல்ல முடியாது.

அவரைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இரவு உடையின் கழுத்துப் பின்னால் இரண்டு நாடா இருக்கும் இல்லையா, அதை அவரே பின்னால் கைவிட்டு முடிச்சுப் போட்டுக்கொள்வார். யாராலும் அவிழ்க்க முடியாது. இரவு ஷிப்டில் இருந்தவர்கள் கத்தரிக்கோல் வைத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள், வாரத்துக்கு இரண்டு உடை வீண். ஒரு நாள் நான் விளக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வலைக் கண்ணுக்குப் போடுகிற முடிச்சு. அப்பா வலை சரிசெய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஆயிரம் தடவை பார்த்தது. அதை இழுத்தால் இன்னும் இறுகும், ஒரு பக்கத்து நூலை நேராக்கி உள்ளே தள்ளினால் அப்படியே வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அவிழ்த்ததும் தாத்தா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், பூட்டை உடைத்தவளைப் பார்ப்பது போல. அதற்கப்புறம் நான் ட்யூட்டியில் இருந்தால் மட்டும் முடிச்சு இன்னும் சிக்கலாக இருக்கும். வேண்டுமென்றே போடுகிறார் என்று எனக்குச் சந்தேகம்.

அடுத்தது ரேடியோப் பாட்டி. ரேடியோ கெர்ரியில் தினமும் மரண அறிவிப்பு வாசிப்பார்கள். யார், எந்த ஊர், எந்த வீட்டில் உடல் வைத்திருக்கிறார்கள், எத்தனை மணிக்குப் பூசை என்று ஒவ்வொன்றாக. அந்த நேரத்தில் மாத்திரை கொடுக்கப் போனால் பாட்டி கையை உயர்த்திவிடுவார், மூச்சு விடக்கூடாது. முடிந்ததும் அவருடைய கமெண்டரி ஆரம்பிக்கும்: இவருடைய அத்தை அவருடைய மச்சினனைக் கட்டியது, இந்த வீட்டுக்காரர்கள் 1953-ல் பிளாஸ்கட் தீவைக் காலி செய்தபோது கரைக்கு வந்தவர்களுக்கு உறவு, இப்படி. அந்தத் தீவு டிங்கிளுக்கு மேற்கே கடலில், தீபகற்பத்தின் முனையில் நின்றால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறது. ஆள் குறைந்து குறைந்து, டாக்டருக்கும் பாதிரியாருக்கும் வழியில்லாமல் போய், கடைசியில் அரசாங்கமே மிச்சமிருந்தவர்களைக் கரைக்குக் கொண்டுவந்தது. பாட்டிக்கு அது நேற்று நடந்தது மாதிரி. முன்காலத்தில் சாவு வீட்டில் அழுது பாடுவதற்கென்றே பெண்கள் இருந்தார்கள், கூலியும் உண்டு என்று அவர் சொல்லப் போய், எங்கள் பக்கத்து ஒப்பாரியை நான் சொல்ல, "பாடு பார்ப்போம்" என்று பிடித்துக்கொண்டார். இல்லத்தில் ஒப்பாரி பாடினால் என் வேலை என்ன ஆகும்? மறுத்துவிட்டேன். இப்போது நினைத்தால் பாடியிருக்கலாம்.

ஊருக்குள்ளே வருவோம். அங்கே ஒரு கடை ஒரே கடையாக இருப்பதில்லை. மெயின் ஸ்ட்ரீட்டில் ஃபாக்ஸி ஜான்ஸ் என்று ஒரு இடம், ஒரு பக்கம் ஆணி, சுத்தியல், பெயிண்ட், மறு பக்கம் பீர். நான் எலிப்பொறி வாங்கப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்தவர் பாதி ஊற்றின கின்னஸை அப்படியே வைத்துவிட்டு (அது நுரை அடங்க நிற்கவேண்டுமாம்) வந்து பொறியை எடுத்துக் கொடுத்து, எலி எந்தப் பக்கமிருந்து வருகிறது, வீடு யாருடையது என்று விசாரித்தார். குடித்துக்கொண்டிருந்த நாலு பேரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சீஸ் வைக்காதே, சாக்லேட் வை என்பது பெரும்பான்மை முடிவு. வேலையும் செய்தது. கிரீன் ஸ்ட்ரீட்டில் டிக் மேக்ஸ், ஒரு பக்கம் தோல் பெல்ட் தைக்கிற மேஜை, எதிரே பார். அது எங்கே என்றால் சர்ச்சுக்கு எதிரே, சர்ச் எங்கே என்றால் டிக் மேக்ஸுக்கு எதிரே என்று ஊரில் ஒரு பழைய ஜோக். வாசல் நடைபாதையில் ஹாலிவுட் நடிகர் ராபர்ட் மிட்சம் மாதிரி வந்துபோன பிரபலங்களின் பெயரை நட்சத்திரம் போட்டுப் பதித்திருக்கிறார்கள். அவர் 1969-ல் ஒரு படப்பிடிப்புக்காக வந்தவர். அந்தப் படக்குழு கிட்டத்தட்ட ஒரு வருஷம் தங்கி, ஊருக்கே சம்பளம் கொடுத்ததாம். இல்லத்தில் இருந்த இன்னொருவர் அதில் கூட்டத்தில் நின்றவர். "என் முதுகு தெரியும், நல்ல முதுகு" என்பார்.

ஊருக்கே இரண்டு பெயர். 2005-ல் அரசாங்கம் ஐரிஷ் பேசும் பகுதிகளில் ஐரிஷ் பெயர்தான் செல்லும் என்று சொல்லி, பலகைகளில் டிங்கிள் போய் 'அன் டாங்கின்' வந்துவிட்டது. வரைபடத்தோடு வந்தவர்கள் ஊருக்குள் நின்றுகொண்டே ஊரைத் தேடினார்கள். மறு வருஷம் வாக்கெடுப்பு நடத்தினார்கள்: இரண்டு மொழிப் பெயரும் வேண்டும் என்று 1,005 பேர், வேண்டாம் என்று 70 பேர். அப்படியும் சட்டம் மாற 2011 ஆகிவிட்டது. நான் போனபோது சண்டை முடிந்து இரண்டு வருஷம், ஆனாலும் அந்த 70 பேர் யார் யார் என்று ரேடியோப் பாட்டியிடம் ஒரு கணக்கு இருந்தது. ரகசிய வாக்கெடுப்புதான். அவரிடம் எதுவும் ரகசியம் இல்லை.

டிசம்பர் 26 பற்றி எனக்கு ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கதவு தட்டுகிறது, திறந்தால் தலையிலிருந்து முழங்கால் வரை வைக்கோல் கட்டிக்கொண்டு, முகமே தெரியாமல் ஆறு பேர். அலறிவிட்டேன். ரென் டே, அதாவது ரென் என்ற சின்னக் குருவியின் பெயரில் நடக்கும் திருவிழா. தெருவுக்கு ஒரு கூட்டம், குழல், ட்ரம், துணியும் மரமும் சேர்த்துச் செய்த குதிரை, ஊரெல்லாம் சுற்றி உண்டியல் குலுக்கி நல்ல காரியங்களுக்குக் கொடுப்பார்கள். வைக்கோலுக்குள்ளிருந்து ஒரு குரல், "பயப்படாதே, நான்தான், எலிப்பொறி!" என்றது.

சரி, டிங்கிள் என்றாலே எல்லாரும் கேட்கிற ஆளுக்கு வருகிறேன். ஃபங்கி, ஒரு டால்ஃபின். 1983-ல் துறைமுக வாயிலில் படகுகளுக்குப் பின்னால் வர ஆரம்பித்தது, போகவே இல்லை. கூட்டமாக வாழ்கிற பிராணி, ஏன் தனியாக இங்கேயே தங்கியது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அப்போதெல்லாம் படகுக்காரர்கள் டால்ஃபினைக் காட்டாவிட்டால் காசு வாங்க மாட்டார்கள், அவ்வளவு நம்பிக்கை. ஒன்று செத்து வேறொன்றை விட்டிருக்கிறார்கள் என்று கிண்டல் பண்ணுகிறவர்களும் ஊரிலேயே உண்டு. இந்த ஊரில் வெளியாளுக்கு 'ப்ளோ-இன்' என்று பெயர், காற்றில் அடித்துக்கொண்டு வந்தவர் என்று அர்த்தம். முப்பது வருஷம் இருந்தாலும் ப்ளோ-இன்தான். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் ஊர் ஏற்றுக்கொண்ட ஒரே ஆள் அந்த ஃபங்கிதான் என்று முடிச்சுத் தாத்தா சொன்னார், அன்றைக்கு ஏனோ தெளிவாக இருந்தார்.

2020 அக்டோபரில் அது காணாமல் போனது. படகுகள் போய்த் தேடின, முக்குளிப்பவர்கள் இறங்கினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. கொரோனா நேரம், இல்லத்துக்குள் யாரும் வர முடியாது, பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே நின்று கையசைத்துவிட்டுப் போவார்கள். அந்தச் செய்தி வந்த நாள் ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள் எல்லாரும் கண்ணாடி வழியாகக் கத்தியது அதைத்தான். முடிச்சுத் தாத்தா அதற்கு இரண்டு வருஷம் முன்பே போய்விட்டார். ரேடியோப் பாட்டி மட்டும், ரேடியோவில் அறிவிப்பு வாசிக்கவில்லை, அதனால் செத்தது உறுதியில்லை என்றார்.

இப்போது நான் லிமரிக்கில் இருக்கிறேன். சாயந்தரம் சமைக்கும்போது போனில் ரேடியோ கெர்ரி ஓடும். "சாவு நியூஸா?" என்று வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். 2023-ல் அந்தப் பாட்டியின் பெயர் வந்தது. மறுநாள் லீவ் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். அங்கே சாவு வீட்டில் வரிசை நிற்கும், ஒவ்வொருவராகப் போய்க் குடும்பத்தாருக்குக் கை கொடுத்து, உங்கள் துக்கத்துக்கு வருந்துகிறேன் என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான். மழையில் ஒரு மணி நேரம் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற முன்பின் தெரியாத ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்து, "நீ யாரோட ஆள்?" என்றார். இல்லத்தில் நர்ஸாக இருந்தேன் என்று சொன்னேன்.

"ஓ," என்றார், "முடிச்சா?"

எனக்கு அங்கே ஒரு பட்டப்பெயர் இருந்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் ஒருத்தர் கூட என் எதிரே சொன்னதில்லை.