கடலடி மண்சரிவைப் படம் பிடிக்கும் ஆளில்லாக் கலங்கள்: கேள்வி பதில்

கடலடி அளவை என் தொழில், ஊர் இலங்கையின் கிழக்குக் கரையில் கல்லடி. ஆளில்லாக் கலங்கள் ஆழத்துக்குப் போய் சோனாரால், அதாவது ஒலி அனுப்பி எதிரொலியை வைத்து அளக்கும் கருவியால், மண்சரிவுகளை எப்படிப் படம் பிடிக்கின்றன என்று நம் ஆட்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

கல்முனை, உயர்தர மாணவி: அண்ணா, மலையில் மழை பெய்தால் மண் சரியும். கடலுக்குள் ஏன் சரிகிறது?

கடலடியும் சமதரை இல்லை தங்கச்சி. கண்டமேடை, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி, முடியும் இடத்தில் இருந்து ஆழ்கடல் வரை சாய்வுதான். அதில் சேறு வேகமாகப் படிந்தால் இடையில் சிக்கிய நீர் வெளியேற முடியாமல் அழுத்தம் ஏறும், மண்ணின் பிடிமானம் தளரும். அப்புறம் ஒரு நிலநடுக்கம் போதும். ஒன்றிரண்டு பாகைச் சாய்வில்கூடச் சரிந்திருக்கிறது. நோர்வேக்கு அப்பால் 8,000 ஆண்டுகளுக்கு முன் சரிந்த ஸ்டோரெகா சரிவு ஏறத்தாழ 3,000 கன கிலோமீற்றர்.

வாழைச்சேனை, ஆழ்கடல் போட்காரர்: தம்பி, எங்கட போட்டிலயும் மீன் பார்க்கிற மெசின் இருக்கு. அதுவும் சத்தம் அனுப்பித்தானே ஆழம் காட்டுது? பிறகு ஏன் இந்தக் கலம்?

அடிப்படை ஒன்றுதான் அண்ணே. ஒலி கடல்நீரில் செக்கனுக்குச் சுமார் 1,500 மீற்றர் ஓடும், போய்த் திரும்பிய நேரத்தில் ஆழம் கிடைக்கும். உங்கள் மெசின் நேர் கீழே ஒரு கற்றை அனுப்புகிறது. அளவைக் கப்பலின் சோனார் பக்கவாட்டில் நூற்றுக்கணக்கான கற்றைகளை விரிக்கிறது.

சிக்கல் கற்றையின் அகலத்தில். ஒரு பாகைக் கற்றை 3,000 மீற்றர் கீழே போய்ச் சேரும்போது 50 மீற்றருக்கு மேல் விரிந்துவிடும். அந்த வட்டத்துக்குள் என்ன கிடந்தாலும் கிடைப்பது ஒரே ஆழ எண். 1942இல் நம் கடலில் மூழ்கிய ஹேர்மிஸ் என்ற போர்க்கப்பல் உங்களுக்குத் தெரியும். நீளம் 180 மீற்றருக்கு மேல். ஐம்பது மீற்றர் ஆழத்தில் கிடப்பதால் சோனாரில் உருவம் தெரிகிறது. அதே கப்பல் 3,000 மீற்றரில் கிடந்தால் மேலிருந்து பார்க்கிறவருக்கு நீளவாக்கில் மூன்று நான்கு புள்ளிகள், அவ்வளவுதான். சோனாரைத் தரைக்கு மேல் 50 மீற்றர் உயரத்தில் கொண்டுபோய்ப் பிடித்தால் வட்டம் ஒரு மீற்றருக்குள் வந்துவிடும்.

இன்னொன்று, நுணுக்கமாகப் பார்க்க உயர் அதிர்வெண் வேண்டும். அதைக் கடல்நீர் சீக்கிரம் விழுங்கிவிடும். அதனால்தான் ஆழ்கடல் கப்பல்கள் 12 கிலோஹேர்ட்ஸ் பக்கம் நிற்கின்றன. தரையை ஒட்டிப் போகும் கலம் 400 கிலோஹேர்ட்ஸ் வரை போகலாம்.

காத்தான்குடி, போன் திருத்துபவர்: ஜிபிஎஸ் தண்ணிக்குள்ள வேலை செய்யாதே. கலம் தான் நிற்கிற இடத்தை எப்படி அறியும்?

உள்ளே கைரோ இருக்கிறது, கலம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று உணரும் கருவி. கூடவே தரையை நோக்கி நான்கு ஒலிக்கற்றைகள், அவை திரும்பி வரும்போது கலத்தின் ஓட்டத்தால் அதிர்வெண் மாறும், அந்த டொப்ளர் மாற்றத்தில் இருந்து வேகம் கணக்காகிறது. ஆனாலும் பிழை மணிக்கு மணி கூடும். கப்பலில் இருந்து ஒலி மூலம் இடத்தைத் திருத்துவார்கள், கலம் போய் வரும் பக்கத்துக் கோடுகளின் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் படியும்படி ஓட்டுவார்கள். ஒரே பாறை இரண்டு கோட்டிலும் விழுந்தால் பொருத்திவிடலாம்.

ஆரையம்பதி, புவியியல் ஆசிரியை: படத்தைப் பார்த்து இது மண்சரிவு என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

ரீச்சர், மேலே பிறை வடிவில் செங்குத்தான வெட்டு, அதுதான் மண் பிய்ந்த இடம். கீழே கரடுமுரடான பரப்பு, அதில் உடைந்த கட்டிகள். ஒரு மீற்றர் நுணுக்கத்தில் பார்த்தால் ஒரு வெட்டுக்குள் இன்னொரு வெட்டு தெரியும். அங்கேதான் என் கண் நிற்கும். ஒரே தடவையில் சரிந்ததா, துண்டு துண்டாகவா என்பது அதில் இருக்கிறது. மொத்தமாக வேகமாகச் சரிந்தால் பெரிய அலை, துண்டு துண்டாக என்றால் அலை சிறிது. குறைந்த அதிர்வெண் ஒலி சேற்றுக்குள்ளும் இறங்கும். குலையாத மண் வரிவரியாகத் தெரியும், சரிந்த மண்ணில் வரி கலைந்திருக்கும். வயதைச் சொல்ல மட்டும் படம் போதாது, குழாய் இறக்கி மண் எடுக்க வேண்டும்.

சாய்ந்தமருது, வாசகர்: 2004 சுனாமியும் இப்படி வந்ததா?

இல்லை. அது சுமாத்திராவுக்கு அப்பால் கடல்தரை பிளந்து உயர்ந்த 9.1 அளவு நிலநடுக்கம். நம் கரைக்கு வர இரண்டு மணி நேரம் அளவில் எடுத்தது.

சரிவு அலையின் ஆபத்து வேறு. பப்புவா நியூ கினியில் 1998 யூலையில் நிலநடுக்கம் 7.0தான், அலையோ 10 மீற்றரைத் தாண்டியது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் போனார்கள். பிறகு கடலடியை அளந்தபோதுதான் சரிவைக் கண்டார்கள். 2018 டிசம்பரில் அனாக் கிரகட்டோவா எரிமலையின் பக்கம் கடலுக்குள் விழுந்தது, பெரிய நிலநடுக்கமே இல்லை, 400க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். எச்சரிக்கை முறைகள் முதலில் பார்ப்பது நிலநடுக்கத்தை. சரிவுகளுக்கு அது மட்டும் போதாது, எங்கே சரியக்கூடும் என்று முன்கூட்டியே படம் இருக்க வேண்டும். இதை நான் பிடிவாதமாகவே சொல்வேன்.

பொத்துவில், பல்கலைக்கழக மாணவர்: எங்கட கடலடியை நாங்களே பார்க்க வழி இருக்கா?

இருக்கு தம்பி. ஜெப்கோ (GEBCO) என்ற உலகக் கடலடி ஆழத்தரவு இலவசம். இறக்கி கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் திறந்து, நிழலிட்ட படமாக மாற்றுங்கள். நம் கண்டமேடை எவ்வளவு ஒடுங்கியது என்று உடனே தெரியும், வடக்கே திருகோணமலைப் பள்ளத்தாக்கும் தெரியும். அந்தத் தரவில் ஒரு சதுரம் ஏறத்தாழ 450 மீற்றர் அகலம், பல இடங்களில் செய்மதி வழி ஊகித்த ஆழம்தான். எந்தச் சதுரம் அளந்தது, எது ஊகம் என்று தனிக் கோப்பு ஒன்று கூடவே வரும். முதலில் அதைத் திறந்து பாருங்கள்.